புள்ளிக்குப் பின்னுள்ள எழுத்துகள்: கோப்பு நீட்சிகளை அறிதலும் உரிய செயலியைத் தெரிதலும்

இங்கிலாந்தில் இடைநிலைப் பாடசாலை அனுமதிக்கான விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் ஒக்டோபர் 31ஆம் திகதியுடன் முடிவடைகின்றன. தொடக்கப் பாடசாலைக்கான இறுதி நாள் ஜனவரி 15. இந்நாள்களுக்கு முந்திய வாரத்தில் பொது நூலகங்களின் கணினிகளுக்கு முன்னால் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. தாயார் ஒருவர் தமது முகவரிக்குச் சான்றாகக் கவுன்சில் வரிக் கடிதத்தை ஐபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். கூகுள் டிரைவ் வழியாக அதனைக் கணினிக்குக் கொண்டுவந்து, விண்ணப்பத் தளத்தில் பதிவேற்ற முயல்கிறார். ‘இக்கோப்பு வகை ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது’ என்ற பொருளில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி தோன்றுகிறது. கைத்தொலைபேசியிலோ படம் தெளிவாகத் தெரிகிறது. கடிதம் உண்மையானது, முகவரி சரியானது, ஆயினும் கணினி ஏற்க மறுக்கிறது.

அருகில் இருப்பவர் ஒருவர், “பெயரின் கடைசியில் உள்ளதை அழித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதுங்கள், போய்விடும்” என்கிறார். அவ்வாறே செய்ததும் படம் ‘போய்விடுகிறது’. தாயார் நிம்மதியுடன் வீடு திரும்புகிறார். சில நாள்கள் கழித்து அக்கோப்பைத் திறக்கும் அலுவலரின் திரையில் படம் வருவதில்லை. கோப்பு பழுதடைந்துள்ளது என்ற அறிவிப்பே வருகிறது. நாள் கடந்த பின் முகவரிச் சான்று மீண்டும் கேட்கப்படுகிறது. முதலில் வந்த மறுப்பைக் காட்டிலும் பின்னர் கிடைத்த ஏற்பே அவருக்குக் கூடுதலான இடரை விளைவித்தது.

இத்தகைய தடங்கலுக்குக் காரணம் மொழி அறியாமையும் அன்று, ஆவணக் குறைபாடும் அன்று. கோப்பின் பெயரில், புள்ளிக்குப் பின்னால் நிற்கும் மூன்று அல்லது நான்கு எழுத்துகள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பது விளங்காமையே காரணம். இக்கட்டுரை அதனை விளக்க முற்படுகிறது. திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகத் தோன்றும் இக்குறிகள் இங்கே எழுத்துக்கு எழுத்து ஒலிப்பு முறையில் தரப்படுகின்றன. சான்றாக, ‘பிடிஎஃப்’ என்றால் பி, டி, எஃப் ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள். திரையில் உள்ள கட்டளைச் சொற்களும், அவற்றைக் கண்டு பொருத்திக்கொள்ள வசதியாக, அவ்வாறே ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

பெயரும் விகுதியும்

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தது’ என்னும் சொற்களில் பகுதி ஒன்றே. இறுதியில் நிற்கும் விகுதியே வந்தவர் யார், எந்தத் திணை என்பதைக் காட்டுகிறது. கணினிக் கோப்பின் பெயரும் இத்தகையதே. ‘கடிதம்.பிடிஎஃப்’, ‘கடிதம்.டிஓசிஎக்ஸ்’, ‘கடிதம்.ஜேபிஜி’ ஆகிய மூன்றிலும் பகுதி ‘கடிதம்’. புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளே, முதலாவது அச்சுவடிவ ஆவணம், இரண்டாவது திருத்தி எழுதத்தக்க வேர்ட் ஆவணம், மூன்றாவது படம் என்று காட்டுகின்றன. இவ்வெழுத்துகளுக்குக் கோப்பு நீட்சி என்று பெயர். கோப்பின் மீது இருமுறை சொடுக்கும்போது கணினி முதலில் பார்ப்பது இந்நீட்சியையே. பார்த்த பின், இந்த வகைக்கு எந்தச் செயலி அமர்த்தப்பட்டுள்ளது என்று தன் பதிவேட்டைப் புரட்டி, அச்செயலியை அழைத்துக் கோப்பை அதன் கையில் கொடுக்கிறது. அவ்வாறு அமர்த்தப்பட்ட செயலியே ‘இயல்புநிலைச் செயலி’ எனப்படும். ‘டிஃபோல்ட் ஆப்’ என்று திரையில் காண்பது இதனையே.

நீட்சி பெரும்பாலும் மூன்றெழுத்தாக இருப்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. 1981இல் வெளிவந்த எம்எஸ்-டொஸ் என்னும் இயங்குதளம், கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்தும் வகைக்கு மூன்று எழுத்தும் மட்டுமே ஒதுக்கியது. அதற்கு முன்னிருந்த சிபி/எம் தளத்திலும் இதே ஒதுக்கீடுதான். நடுவிலுள்ள புள்ளி வட்டில் எழுதப்படுவதுகூட இல்லை. திரையில் காட்டும்போது மட்டும் இடப்பட்டது. 1995இல் வந்த விண்டோஸ் 95 நீண்ட பெயர்களுக்கு இடமளித்தது. ஆனால் மூன்றெழுத்துப் பழக்கம் விட்டுப்போகவில்லை. அப்பிள் நிறுவனத்தின் பழைய மக்கின்டொஷ் கணினிகள், கோப்பின் வகையைப் பெயரில் எழுதாமல் தனியே மறைவாகக் குறித்து வைத்தன. ஆகவே, நீட்சி என்பது கணினியின் இயற்கைச் சட்டம் அன்று. நாளடைவில் நிலைபெற்ற வழக்காறு. வழக்காறு என்பதாலேயே அதனை மீறிப் பெயரிடவும் முடிகிறது. தீங்கு செய்வோர் பயன்படுத்துவதும் இந்த நெகிழ்ச்சியையே.

எழுதியிருப்பது ஒன்று, உள்ளிருப்பது ஒன்று

விகுதி உவமை ஓரிடத்தில் பொருந்தாது போகிறது. ‘வந்தான்’ என்பதை ‘வந்தாள்’ என்று மாற்றினால் பொருளே மாறிவிடும். கோப்பின் நீட்சியை மாற்றினால் உள்ளே எதுவும் மாறுவதில்லை. இங்கே வேறோர் உவமை வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் ஐஸ்கிறீம் டப்பாவை ஆவலுடன் திறந்து, உள்ளே உறைந்த மீன்குழம்பைக் கண்ட அனுபவம் புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளின் பிள்ளைகள் பலருக்கு உண்டு. டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பது ‘வனிலா’. அதனால் குழம்பு இனித்துவிடாது. நூலகத்தில் நடந்ததும் இதுவே. ஜேபிஜி என்று பெயர் மாற்றப்பட்ட கோப்பின் உள்ளே இருந்தது ஐபோனின் எச்ஈஐசி வகைப் படம். பதிவேற்றத் தளம் பெயரை மட்டும் சோதித்து உள்ளே விட்டது. திறக்க முயன்ற செயலியோ உள்ளடக்கத்தைக் கண்டு கைவிரித்தது.

பெரும்பாலான கோப்பு வகைகள் தம் வகையைத் தம் உள்ளேயும் குறித்து வைத்துள்ளன. ஒரு பிடிஎஃப் கோப்பின் உட்பகுதியைப் படித்தால், தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் அதனையடுத்துப் பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் இருக்கும். சுருக்கிக் கட்டப்பட்ட ‘சிப்’ வகைக் கோப்பு, பி, கே என்ற இரண்டு எழுத்துகளுடன் தொடங்கும். அம்முறையை உருவாக்கிய ஃபில் கட்ஸ் என்பவரின் பெயரெழுத்துகள் அவை. வியப்பு என்னவெனில், 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் மைக்ரோசொஃப்ட் வேர்ட் சேமித்து வரும் டிஓசிஎக்ஸ் ஆவணமும் இதே இரண்டு எழுத்துகளுடன்தான் தொடங்குகிறது. உள்ளபடி அது பல சிறு கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு சிப் பொதியே. கவனமாக அமைக்கப்பட்ட அரசாங்கத் தளங்கள் வெளிப்பெயரை நம்பாமல் இந்த உட்குறியையும் சோதிக்கின்றன. எல்லாத் தளங்களும் அவ்வாறு செய்வதில்லை என்பதே தொல்லை.

எனவே, ஒரு கோப்பை வேறு வகைக்கு மாற்ற வேண்டுமாயின், பெயரை மாற்றுதல் கூடாது. உரிய செயலியில் திறந்து, வேறு வகையாகச் சேமித்தல் வேண்டும். நீட்சியை அழித்து எழுத முயலும்போது, ‘இவ்வாறு மாற்றினால் கோப்பு பயனற்றுப் போகலாம்’ என்று விண்டோஸ் எச்சரிப்பது இதனாலேயே. அந்த எச்சரிக்கைக்கு ‘யெஸ்’ என்று விடையளித்துவிட்டவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. உள்ளடக்கம் அழிந்துவிடவில்லை, பழைய எழுத்துகளை மீண்டும் இட்டால் கோப்பு முன்போல் திறக்கும்.

ஐபோன் படங்களும் விண்ணப்பங்களும்

2017இல் வெளிவந்த ஐஓஎஸ் 11 முதல், புதிய ஐபோன்கள் எடுக்கும் படங்கள் இயல்பாக எச்ஈஐசி வகையில் சேமிக்கப்படுகின்றன. குறைந்த இடத்தில் நல்ல தரம் என்பதே அதன் நோக்கம். ஆனால் விண்ணப்பத் தளங்கள் பலவும் ஜேபிஜி, பிஎன்ஜி, பிடிஎஃப் ஆகியவற்றையே ஏற்கின்றன. பழைய விண்டோஸ் கணினிகளில் எச்ஈஐசி படங்களைத் திறக்கவே கூடுதல் மென்பொருள் தேவைப்படும். விண்ணப்பக் காலத்துக்கு முன்னரே இதனைச் சீர்செய்துகொள்ளலாம். ஐபோனில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் சென்று, ‘கமெரா’, அதனுள் ‘ஃபோர்மட்ஸ்’ என்பதைத் திறந்து, ‘மோஸ்ட் கொம்பட்டிபிள்’ என்ற வரியைத் தெரிவுசெய்யவும். அதன் பிறகு எடுக்கப்படும் படங்கள் ஜேபிஜி வகையாகவே சேமிக்கப்படும். முன்னர் எடுத்த படங்கள் மாறமாட்டா.

கடிதம், கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றைப் படமாக எடுப்பதைவிட ஆவணமாக வருடிக்கொள்வதே மேலானது. ஐபோனிலுள்ள ‘ஃபைல்ஸ்’ செயலியில் மூன்று புள்ளிக் குறியைத் தொட்டால் ‘ஸ்கேன் டொக்கியுமென்ட்ஸ்’ என்ற வசதி தோன்றும். விளைவு நேரடியாகப் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் கூகுள் டிரைவ் செயலியின் வருடல் வசதியும் பிடிஎஃப் கோப்பையே தரும். நான்கு பக்கக் கடிதம் நான்கு தனிப் படங்களாகச் சிதறாமல் ஒரே கோப்பாக அமைவதால், அலுவலருக்கும் அது எளிது. ஒரு பக்கம் விடுபட்டது என்ற கடிதப் போக்குவரத்தும் மிஞ்சும்.

ஏற்கெனவே கணினியில் இருக்கும் வேர்ட் ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்குவதற்கு எந்தக் கட்டண இணையத்தளமும் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, அச்சுப்பொறிகளின் பட்டியலில் ‘மைக்ரோசொஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ என்பதைத் தெரிந்தால் போதும். மக் கணினியிலும் அச்சிடும் பெட்டியிலேயே பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வழி உண்டு. வகை மாற்றித் தருவதாகக் கூறும் அறியாத தளங்களில் கடவுச்சீட்டையும் வங்கி அறிக்கையையும் ஏற்றுவோர், அவ்வாவணங்களின் படியொன்றை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

எந்தக் கோப்பை எந்தச் செயலி திறப்பது?

கணினி வாங்கியபோதே ஒவ்வொரு வகைக்கும் ஒரு செயலி அமர்த்தப்பட்டிருக்கும். அதனை மாற்றும் உரிமை பயனருக்கு உண்டு. விண்டோஸ் 11இல் கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து, ‘ஓப்பன் வித்’, அடுத்து ‘சூஸ் அனதர் ஆப்’ என்பவற்றைத் தெரியவும். விரும்பிய செயலியைக் காட்டிய பின், கீழே ‘ஆல்வேஸ்’, ‘ஜஸ்ட் வன்ஸ்’ என்ற இரண்டு பொத்தான்கள் இருக்கும். முன்னது இனி எப்போதும் அந்த வகையை அச்செயலியே திறக்கட்டும் என்பது. பின்னது இம்முறைக்கு மட்டும். உறுதியில்லாத வேளையில் பின்னதையே அழுத்துவது தக்கது. பல வகைகளை ஒருங்கே பார்த்து மாற்ற விரும்புவோர், ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘டிஃபோல்ட் ஆப்ஸ்’ என்ற வரிசையில் சென்று, மேலேயுள்ள பெட்டியில் நீட்சியைப் புள்ளியுடன் தட்டச்சு செய்தால், தற்போது அமர்த்தப்பட்ட செயலி எது என்பது தெரியும்.

மக் கணினியில் கோப்பை ஒருமுறை சொடுக்கித் தெரிந்து, ‘கொமாண்ட்’ விசையுடன் ‘ஐ’ விசையை அழுத்தினால் தகவல் பெட்டி திறக்கும். அதில் ‘ஓப்பன் வித்’ பகுதியில் செயலியை மாற்றி, ‘சேஞ்ச் ஓல்’ என்பதை அழுத்த மறக்கக் கூடாது. மறந்தால் மாற்றம் அந்த ஒரு கோப்பை மட்டுமே சாரும். அண்ட்ரொய்ட் தொலைபேசியில் தவறுதலாக ‘ஆல்வேஸ்’ அழுத்தியவர்கள், அமைப்புகளில் குறித்த செயலியின் பக்கத்துக்குச் சென்று, ‘ஓப்பன் பை டிஃபோல்ட்’ பகுதியில் அதனை நீக்கிக்கொள்ளலாம்.

இத்தெரிவு வெறும் வசதி பற்றியதாகத் தோன்றலாம். எப்போதும் அவ்வாறன்று. தமிழ்ப் பாடசாலை ஒன்றின் மாணவர் பட்டியல் சிஎஸ்வி வகைக் கோப்பாக வந்திருக்கிறது என்று கொள்வோம். சிஎஸ்வி என்பது காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துவரிசை. எக்செல் நிறுவப்பட்ட கணினிகளில் அதனை இருமுறை சொடுக்கினால் எக்செல் திறப்பதே வழக்கம். பிரித்தானியக் கைத்தொலைபேசி எண்கள் யாவும் 07 என்று தொடங்குபவை. இடைவெளியின்றி எழுதப்பட்ட அவ்வெண்களை எக்செல் கணக்குக்குரிய எண்களாகக் கருதி, முன்னிற்கும் சுழியத்தை நீக்கிவிடும். திறந்தவர் பழக்கத்தின்படி சேமித்துவிட்டால், முந்நூறு பெற்றோரின் எண்களிலும் முதல் இலக்கம் போய்விடும். கோப்பு பழுதானதாக எந்த எச்சரிக்கையும் தோன்றாமல் இது நிகழக்கூடும். அத்தகைய கோப்பை வெறுமனே பார்ப்பதற்கு ‘நோட்பேட்’ போன்ற எளிய செயலியே உகந்தது. எக்செல்லில்தான் வேண்டுமெனில், அதன் ‘டேட்டா’ பகுதி வழியாக உள்ளிறக்கி, தொலைபேசி எண் நிரலை எழுத்துவகை என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பிடிஎஃப் படிவங்களிலும் இத்தகைய சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸில் பிடிஎஃப் கோப்புகளை இயல்பாகத் திறப்பது எட்ஜ் உலாவி. படிப்பதற்கு அது போதும். ஆனால் சில அரசாங்கப் படிவங்கள் பழைய முறையொன்றில் அமைக்கப்பட்டவை. அவற்றைச் சில உலாவிகளில் திறந்தால், ‘சற்றுப் பொறுக்கவும்’ என்னும் பொருள்பட ‘பிளீஸ் வெய்ட்’ என்று தொடங்கும் ஒரு பக்கம் மட்டுமே தோன்றும். எவ்வளவு நேரம் பொறுத்தாலும் படிவம் வராது. இணைய வேகத்தைக் குறை கூறிப் பயனில்லை. படிவத்தைக் கணினியில் சேமித்து, கட்டணமின்றிக் கிடைக்கும் அடோபி அக்ரொபட் ரீடர் செயலியில் ‘ஓப்பன் வித்’ வழியாகத் திறப்பதே தீர்வு.

அரசாங்கத் தளங்களில் ஓடிடி என்ற நீட்சியுடைய ஆவணங்களைக் கண்டு தயங்குவோரும் உளர். திருத்தத்தக்க ஆவணங்களைப் பகிர்வதற்கு இந்தத் திறந்த வகையைப் பயன்படுத்துவதென்று பிரித்தானிய அரசாங்கம் 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முடிவுசெய்தது. வேர்ட் வாங்கும் வசதி இல்லாதோரும் ஆவணங்களைப் பெற வேண்டும் என்பதே அதன் நியாயம். லிப்ரேஓபிஸ் என்னும் இலவசத் தொகுப்பு அதனைத் திறக்கும், வேர்டும் திறக்கும்.

மறைக்கப்பட்ட நீட்சி

இதுவரை கூறியவற்றைக் கணினியில் தேடிப் பார்த்தவர்கள், தங்கள் திரையில் கோப்புகளின் பெயருக்குப் பின் எந்த எழுத்தும் இல்லையே என்று கேட்கலாம். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே, அறிந்த வகைகளின் நீட்சியை மறைத்து வைப்பது விண்டோஸின் வழக்கமாக இருந்து வருகிறது. திரை தூய்மையாகத் தெரியட்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கலாம். பெயரின் பாதியை மறைத்துக் காட்டுவது எவருக்கு உதவுகிறது என்பது வேறு வினா.

2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி அவ்வினாவுக்கு விடை கிடைத்தது. ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பிட்ட மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. அதன் இணைப்பின் முழுப்பெயர் ‘லவ்-லெட்டர்-ஃபோர்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’. டிஎக்ஸ்டி என்பது தீங்கற்ற வெறும் எழுத்துக்கோப்பைக் குறிப்பது. விபிஎஸ் என்பதோ கணினிக்குக் கட்டளையிடும் நிரல். கடைசி நீட்சியை விண்டோஸ் மறைத்துவிட்டதால், பெற்றவர்களின் கண்ணில் பட்டது டிஎக்ஸ்டி மட்டுமே. காதற்கடிதம் என்று நம்பித் திறந்தவர்களின் கணினியிலிருந்து அந்நிரல் கோப்புகளை அழித்ததோடு, அவர்களது முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பொதுமக்கள் சபை தனது மின்னஞ்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. நிரலின் பிறப்பிடம் பிலிப்பைன்ஸ் எனக் கண்டறியப்பட்டும் எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்நாட்டில் அத்தகைய செயலைக் குற்றமாக்கும் சட்டம் அன்று இல்லை. அடுத்த மாதமே சட்டம் இயற்றப்பட்டது; ஆயினும் பின்னர் பிறந்த சட்டத்தால் முன்னர் நிகழ்ந்த செயலைத் தண்டித்தல் இயலாது. பிரித்தானியாவில் கணினி முறைகேட்டுச் சட்டம் 1990ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. எனினும், வேற்று நாட்டில் இருந்துகொண்டு அனுப்புபவரைச் சட்டம் சென்று பற்றுவதற்குள், திறந்தவரின் வங்கிக் கணக்கு வெறுமையாகியிருக்கும்.

ஆதலால் முதலிற் செய்ய வேண்டியது மறைப்பை நீக்குவது. விண்டோஸ் 11இல் கோப்புறை ஒன்றைத் திறந்து, மேலேயுள்ள ‘வியூ’, அதனுள் ‘ஷோ’, அதனுள் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைச் சொடுக்கவும். மக் கணினியில் ‘ஃபைண்டர்’ அமைப்புகளில் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் இதற்கான பெட்டி உண்டு. ஒருமுறை செய்தால் போதும். அதன்பின் ஒவ்வொரு கோப்பின் பெயரும் முழுமையாகத் தெரியும்.

சிறுபடத்தை நம்புதல் ஆகாது. பிடிஎஃப் கோப்புக்குரிய சிவப்புச் சின்னம் இருப்பதால் அது பிடிஎஃப் ஆகிவிடாது. ஈஎக்ஸ்ஈ என்ற நீட்சியுடைய நிரற்கோப்பு, தான் விரும்பிய எந்தச் சின்னத்தையும் அணிந்துகொள்ள வல்லது. ‘பற்றுச்சீட்டு.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ’ என்ற பெயரில் கடைசியில் நிற்பதே கணக்கு. நடுவில் நிற்பது நாடக உடை. ஐயம் எழுந்தால், கோப்புறையின் விவரப் பார்வையில் ‘டைப்’ என்ற நிரலைப் பார்க்கவும். ஈஎக்ஸ்ஈ கோப்பு என்றால் அங்கே ‘அப்ளிகேஷன்’ என்றிருக்கும். கடிதம் ஒன்று ஒருபோதும் ‘அப்ளிகேஷன்’ ஆக இராது. மின்னஞ்சலில் வரும் ஈஎக்ஸ்ஈ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ், பிஏடி, எம்எஸ்ஐ, எல்என்கே ஆகியவை, அனுப்பியவர் எவராயினும், திறக்கத்தக்கவை அல்ல. எஸ்சிஆர் என்பது திரைக்காப்பு வகை என்பதால் தீங்கற்றது என்று பலர் எண்ணுகின்றனர். அதுவும் இயங்கும் நிரலே. டிஓசிஎம் என்று முடியும் வேர்ட் ஆவணம் தன்னுள் கட்டளைகளைக் கொண்டிருக்கக்கூடியது. அதனைத் திறந்தபின் மேலே தோன்றும் மஞ்சள் பட்டியில் அனுமதி கேட்டால் கொடுக்கலாகாது.

கைத்தொலைபேசியில் கவனிக்க வேண்டிய எழுத்துகள் ஏபிகே. அது அண்ட்ரொய்ட் செயலியை நிறுவும் பொதி. 2024ஆம் ஆண்டில் இந்தியாவில், திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப் வழியாக ஏபிகே கோப்புகள் அனுப்பப்பட்டு, திறந்தவர்களின் தொலைபேசி வசப்படுத்தப்பட்டதாகப் பொலிஸார் எச்சரித்தனர். இந்த ஏமாற்று, உறவினர் கடல்கடந்து வாழும் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. அழைப்பிதழ்கள் இன்று வாட்ஸ்அப்பிலேயே வருகின்றன. சித்தப்பாவின் எண்ணிலிருந்து வந்ததென்றால் எவரும் ஐயுறுவதில்லை. ஆனால் சித்தப்பாவின் தொலைபேசி ஏற்கெனவே வசப்பட்டிருந்தால், அனுப்புவது சித்தப்பா அல்லர். அழைப்பிதழ் என்பது படமாக வரலாம், பிடிஎஃப் ஆக வரலாம், காணொளியாக வரலாம். நிறுவ வேண்டிய செயலியாக வருதல் இல்லை. அத்தகைய கோப்பு வந்தால் திறக்காமல், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடலாம். ஐயத்துக்குரிய குறுஞ்செய்திகளைப் பிரித்தானியாவில் 7726 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி முன்னனுப்பி முறையிடலாம்.

திறந்தும் படிக்க முடியாத தமிழ்க் கோப்புகள்

நீட்சி சரியானது, செயலியும் சரியானது, கோப்பும் திறக்கிறது. ஆயினும் உள்ளே தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடக்கின்றன. இந்த நிலை தமிழ்ச் சங்கங்களின் பழைய அறிக்கைகளிலும், கோயில் நிர்வாகக் கூட்டக் குறிப்புகளிலும், மறைந்த பெற்றோர் தட்டச்சு செய்து வைத்த நினைவுக் குறிப்புகளிலும் அடிக்கடி எதிர்ப்படுகிறது. கோப்பு பழுதாகிவிட்டது என்று கருதி அழித்துவிட்டவர்களும் இருப்பர்.

அது பழுது அன்று. ஒருங்குறி முறை பரவலாவதற்கு முன், இலங்கைத் தமிழரும் புலம்பெயர்ந்தோரும் பெரிதும் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அம்முறையில் கோப்பினுள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்தே. பாமினி எழுத்துரு நிறுவப்பட்ட கணினி அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை இல்லை. ஆகவே ஆங்கில எழுத்து அப்படியே தெரிகிறது. இதற்கு நீட்சியை மாற்றுவதும் பயன் தராது, வேறு செயலியில் திறப்பதும் பயன் தராது. பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவினால் ஆவணம் உடனே தமிழில் தெரியும். அல்லது பாமினியை ஒருங்குறியாக மாற்றும் இலவசக் கருவிகளைப் பயன்படுத்தலாம். அவ்வாறு மாற்றிய ஆவணத்தை எந்தக் கணினியிலும் தொலைபேசியிலும் படிக்கவும், அதனுள் தமிழ்ச் சொற்களைத் தேடவும் இயலும்.

பாமினி நிறுவப்பட்ட பழைய கணினி வீட்டில் இன்னும் இயங்குமாயின், அதிலுள்ள ஆவணங்களை அங்கேயே திறந்து பிடிஎஃப் வகையாகவும் சேமித்துக்கொள்வது நல்லது. எழுத்துரு பிடிஎஃப் கோப்பினுள் பொதிந்து வைக்கப்பட்டால், பார்வைக்குத் தமிழ் எங்கும் தமிழாகவே தெரியும். சொற்களைத் தேடுதல் மட்டும் கைகூடாது. மூல டிஓசி கோப்பையும் அழிக்காமல் உடன் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் ஒருங்குறிக்கு மாற்றுவதற்குத் தேவைப்படுவது அதுவே. இவ்வேலையைக் கணினி இயங்கும்போதே செய்தல் வேண்டும். இருபது ஆண்டு கடந்த வட்டுகள் முன்னறிவிப்புத் தந்து நின்றுவிடுவதில்லை.